விம் எடிட்டர்: அழிப்பதும் மறுபடி செய்வதும் எப்படி?

விசைகளாலேயே இயக்கப்படும் டெக்ஸ்ட் எடிட்டரான விம் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதிலிருந்து வெளியேறத் தெரியாத கதையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. இந்த மதிப்புரை எடுத்துக்கொள்வது இரண்டே வேலைகளை: எழுதியதை அழிப்பது, செய்த திருத்தத்தை மறுபடி செய்வது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மறுபடி செய்வதில் விம்முக்குப் பக்கத்தில் வரும் எடிட்டர்கள் குறைவு. அழிப்பதில் கட்டளைகள் அருமை. அழித்தது போய்ச் சேரும் இடத்தின் ஏற்பாடுதான் தலைவலி. கீழே சொல்பவை 9.1 பதிப்பை வைத்து. விம்மிலிருந்து கிளைத்த நியோவிமிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

விசைகளைத் தமிழில் எழுதுவதால் ஒரு சின்ன ஒப்பந்தம். ‘டி’ என்றால் டிலீட்டின் முதல் எழுத்து, ‘டீ’ என்றால் டீ-ஷர்ட்டின் முதல் எழுத்து. ‘பி’ என்றால் பேஸ்ட் செய்யும் விசை. ‘சி’ என்றால் சேஞ்ச், அழித்த கையோடு புதிதாகத் தட்ட விடும் விசை. ‘பெரிய’ என்று முன்னால் வந்தால் ஷிப்ட்டோடு அழுத்த வேண்டும். எழுத்துகளுக்கு நடுவே விட்டிருக்கும் இடைவெளி படிப்பதற்காக மட்டும், தட்டும்போது வேண்டாம்.

இந்தக் கட்டளைகளின் சிக்கனத்துக்கு ஒரு காரணம் உண்டு. விம்மின் மூதாதையான விஐ எடிட்டரை பில் ஜாய் 1976-இல் பெர்க்லியில் எழுதத் தொடங்கியபோது டெர்மினல் இணைப்புகள் ஆமை வேகத்தில் இருந்தன. ஒரு விசையில் முடிகிற வேலைக்கு இரண்டு விசை என்பது அன்றைக்கு வீண்செலவு. பிராம் மூலினார் 1991-இல் விம்மை வெளியிட்டபோது அந்தச் சிக்கனத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே கட்டினார்.

அழிக்கும் கட்டளையின் அமைப்பு எளிது: ‘டி’ அழுத்திவிட்டு, எதுவரை என்று சொல்ல வேண்டும். ‘டி டபிள்யூ’ அடுத்த சொல்லின் தொடக்கம் வரை, ‘டி $’ வரி முடிவு வரை, ‘டி டி’ முழு வரி. எண்ணை முன்னாலும் வைக்கலாம், நடுவிலும் வைக்கலாம். இரண்டு இடத்திலும் வைத்தால் பெருக்கிக்கொள்ளும். ‘2 டி 3 டபிள்யூ’ ஆறு சொல்லைத் தூக்கும். இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. முன்னால் அடித்த எண்ணை மறந்துவிட்டு நடுவில் இன்னொன்றை அடிக்கும்போதுதான் நடக்கிறது, அப்போது எதற்கு இவ்வளவு அழிந்தது என்று முழிக்க வேண்டியிருக்கும். சந்தேகம் வந்தால் எஸ்கேப் அடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது.

புதியவர்கள் ‘டி டபிள்யூ’விலேயே நின்றுவிடுகிறார்கள். அது கர்சர் நிற்கும் இடத்திலிருந்துதான் அழிக்கும். சொல்லின் நடுவில் நின்றால் பாதிச் சொல் மிஞ்சும். ‘டி ஐ டபிள்யூ’ சொல்லின் எந்த எழுத்தில் நின்றாலும் முழுச் சொல்லையும் எடுக்கும். ‘டி ஏ டபிள்யூ’ பக்கத்து இடைவெளியையும் சேர்த்து எடுக்கும். வாக்கியத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லை நீக்க ‘ஏ’, ஒரு சொல்லின் இடத்தில் வேறொன்றை வைக்க ‘ஐ’ என்று பழகிக்கொண்டால் இரட்டை இடைவெளிப் பிரச்சினையே வராது. இதே முறையில் அடைப்புக்குள் இருப்பது, மேற்கோளுக்குள் இருப்பது, எச்டிஎம்எல் டேகுக்குள் இருப்பது (‘டி ஐ டீ’), முழுப் பத்தி (‘டி ஏ பி’) எல்லாவற்றையும் அழிக்கலாம்.

சில விதிவிலக்குகள் கடிக்கும். வரியின் கடைசிச் சொல்லில் ‘டி டபிள்யூ’ அடித்தால் அடுத்த வரியை இழுத்துக்கொண்டு வராது, அந்தச் சொல்லின் முடிவோடு நின்றுவிடும். இது நமக்குச் சாதகமான விலக்கு. சொல்லின் மேல் நின்று ‘சி டபிள்யூ’ அடித்தால் அது ‘டி டபிள்யூ’ போலப் பின்னால் உள்ள இடைவெளியைத் தொடாது. இதில் ஒழுங்கே கிடையாது, மனப்பாடம்தான். ‘டி ஜே’ ஒரு வரியை அழிக்கும் என்று நினைப்பார்கள். கர்சர் வரியும் கீழ்வரியும் சேர்த்து இரண்டு போகும். பத்தி முடிவு வரை அழிக்கும் ‘டி }’ சில நேரம் முழு வரிகளை எடுக்கும், சில நேரம் முதல் வரியில் மிச்சத்தை விட்டுவைக்கும். கர்சர் அந்த வரியின் முதல் எழுத்திலோ அதற்கு முன்னாலோ நின்றால் விம் அதை முழு வரி அழிப்பாக மாற்றிக்கொள்கிறது, நடுவில் நின்றால் மாற்றுவதில்லை. வித்தியாசத்துக்கு அவ்வளவுதான் காரணம்.

இனி புள்ளி. நார்மல் நிலையில் (விசைகள் கட்டளைகளாக ஓடும் நிலை) புள்ளியை அழுத்தினால் கடைசியாகச் செய்த மாற்றம் மறுபடி நடக்கும். ‘டி ஏ டபிள்யூ’ அடித்தபின் வேறொரு சொல்லுக்குப் போய் ஒரு புள்ளி, அந்தச் சொல்லும் போய்விடும். ‘சி ஐ டபிள்யூ’ அடித்துப் புதிய சொல்லைத் தட்டி எஸ்கேப் அடித்தால், அழித்தது, தட்டியது எல்லாம் சேர்ந்து ஒரே மாற்றம். அடுத்த சொல்லில் புள்ளி வைத்தால் பழைய சொல் போய்ப் புதியது உட்காரும். எண்ணோடு புள்ளி வைத்தால் பழைய எண் மறந்துபோகும்: ‘டி 2 டபிள்யூ’வுக்குப் பிறகு ‘3 .’ என்றால் மூன்று சொல், ஆறு அல்ல.

புள்ளி சரியாக வேலை செய்யவில்லை என்று புகார் சொல்பவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் அம்புக்குறி விசைகள். இன்சர்ட் நிலையில் (விசைகள் எழுத்துகளாக விழும் நிலை) தட்டிக்கொண்டிருக்கும்போது அம்புக்குறியை ஒருமுறை தொட்டால் போதும், அதுவரை தட்டியது தனி மாற்றம், அதற்குப் பிறகு தட்டியது தனி மாற்றம் என்று விம் பிரித்துவிடும். புள்ளி பின்பாதியை மட்டும் திரும்பச் செய்யும். அண்டூவும் அங்கேயே உடையும். எழுத்துப் பிழை வந்தால் பின்னழி விசையாலோ கன்ட்ரோல்-டபிள்யூவாலோ அழித்துத் தட்டுங்கள், அம்புக்குறி வேண்டாம். (கன்ட்ரோல்-டபிள்யூ கையில் ஊறிவிட்டால் பிரவுசரில் பாதி தட்டிய படிவத்தோடு டேபே மூடிக்கொள்ளும் என்பது விம் பயனர்களுக்கே உரிய துயரம்.) அடைப்புக்குறியைத் தானாக மூடும் பிளகின்கள் சிலவற்றாலும் இதே உடைசல் வரும்.

அடுத்த காரணம், எதற்கெடுத்தாலும் முதலில் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் பழக்கம். ‘வி ஐ டீ’ என்று டேகுக்குள் இருப்பதைத் தேர்ந்தெடுத்து ‘டி’ அடித்தால் அழிவது என்னவோ சரிதான். ஆனால் அடுத்த டேகில் புள்ளி வைக்கும்போது விம் டேகைப் பார்ப்பதில்லை, முன்பு எத்தனை எழுத்து தேர்ந்தெடுத்தீர்களோ அத்தனை எழுத்தை அழிக்கும். முன்பு ஏழு எழுத்து, இப்போது பத்து எழுத்து என்றால் மூன்று மிஞ்சும். நேராக ‘டி ஐ டீ’ அடித்திருந்தால் புள்ளிக்கு டேகின் எல்லை நினைவிருக்கும். மறுபடி செய்யப் போகிறோம் என்று தெரிந்தால் தேர்ந்தெடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

மற்ற எடிட்டர்களோடு ஒப்பிட வேண்டிய இடம் இதுதான். விஎஸ் கோடில் ஒரே சொல்லைப் பல இடங்களில் மாற்றக் கன்ட்ரோல்-டியைத் தொடர்ந்து அழுத்திப் பல கர்சர்களை உண்டாக்குகிறோம். விம்மில் 7.4 பதிப்பிலிருந்து இதற்கு ‘ஜி என்’ இருக்கிறது. முதலில் நட்சத்திரக் குறியை அழுத்திச் சொல்லைத் தேடுங்கள். கர்சர் அடுத்த இடத்துக்குத் தாவும். பிறகு ‘சி ஜி என்’ அடித்துப் புதிய சொல்லைத் தட்டி எஸ்கேப். அதன்பின் ஒவ்வொரு புள்ளியும் அடுத்த இடத்தைத் தானே தேடிப் போய் மாற்றும். ஏதாவது ஓர் இடத்தை விட்டுவிட வேண்டுமென்றால் ‘என்’ அழுத்தி அதற்குப் போய், இன்னொரு ‘என்’ அழுத்தித் தாண்டிவிட்டு மறுபடி புள்ளி. அழிக்க மட்டும் வேண்டுமானால் ‘டி ஜி என்’. எல்லாக் கர்சர்களும் ஒரே நேரத்தில் கண்முன் தெரிவது விஎஸ் கோடின் பலம். ஒவ்வொரு மாற்றத்தையும் பார்த்துச் சம்மதம் கொடுத்துக்கொண்டே போவது விம்மின் பலம். நீளமான ஃபைலில் இரண்டாவதுதான் பாதுகாப்பு. ஹீலிக்ஸ் எடிட்டரில் புள்ளி இருக்கிறது, ஆனால் அது கடைசியாகத் தட்டிச் செருகியதை மட்டும் மறுபடி செய்யும். வெறும் அழிப்பைப் புள்ளியால் திரும்பச் செய்ய முடியாது. விம்மிலிருந்து போகிறவர்களுக்கு முதல் வாரமே கை தடுமாறுவது இதில்தான்.

புள்ளிக்கு எட்டாத வேலைகளுக்கு விம் வேறு வேறு விசைகளை வைத்திருக்கிறது, அவை ஒரே இடத்தில் இல்லாதது குறைதான். வரிக்குள் ‘எஃப்’, ‘டீ’ கொண்டு தேடியதைத் திரும்பச் செய்ய அரைப்புள்ளி, எதிர்த்திசையில் கமா. ஃபைல் முழுக்கத் தேடியதற்கு ‘என்’. முக்காற்புள்ளி போட்டுக் கீழே தட்டிய கட்டளைக்கு ‘@ :’, அதன்பின் ‘@ @’. தேடி மாற்றும் ‘:எஸ்’ கட்டளைக்கு ‘&’. ஆனால் விம்மில் ‘&’ கொடிகளை (கட்டளையின் கடைசியில் சேர்க்கும் விருப்ப எழுத்துகளை) சேர்க்காது; முதலில் வரியில் உள்ள எல்லா இடத்திலும் மாற்றியிருந்தாலும் இது முதல் இடத்தை மட்டும் மாற்றும். கொடிகளோடு ஃபைல் முழுவதும் வேண்டுமென்றால் ‘ஜி &’. நியோவிமில் இந்த அசட்டுத்தனத்தைச் சரிசெய்து, ‘&’ கொடிகளையும் சேர்த்தே திரும்பச் செய்யும்படி வைத்திருக்கிறார்கள். பிளகின்களின் கட்டளைகளைப் புள்ளி முழுதாகத் திரும்பச் செய்யாது. அதற்கு டிம் போப் எழுதிய ரிபீட் பிளகினைச் சேர்க்க வேண்டும், குறிப்பிட்ட பிளகினும் அதை ஆதரிக்க வேண்டும்.

ஒரே மாற்றமாகச் சுருக்க முடியாத வேலைக்கு மேக்ரோ, அதாவது பதிந்துவைத்துத் திரும்ப ஓட்டும் விசை வரிசை. கமாவால் பிரித்த பட்டியலில் மூன்றாவது நெடுவரிசையை எல்லா வரியிலும் நீக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘க்யூ ஏ’ அடித்துப் பதிவைத் தொடங்கி, ‘0’ வரித் தொடக்கத்துக்கு, ‘2 எஃப் ,’ இரண்டாவது கமாவுக்கு, ‘டி டீ ,’ அந்தக் கமாவிலிருந்து அடுத்த கமாவுக்கு முன்வரை அழிக்க, ‘ஜே’ கீழ்வரிக்கு, மறுபடி ‘க்யூ’ அடித்துப் பதிவை முடிக்கவும். இனி ‘999 @ ஏ’. வரிகள் தீர்ந்ததும் ‘ஜே’ போக இடமில்லாமல் தோற்கும், மேக்ரோ அங்கேயே நின்றுவிடும். அதனால் எண்ணைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

அதே குணம் நடுவிலும் தன் வேலையைக் காட்டும். 40-ஆவது வரியில் ஒரே ஒரு கமாதான் என்றால் ‘2 எஃப் ,’ தோற்று மேக்ரோ அங்கேயே படுத்துவிடும், மீதி வரிகள் தொடப்படாமல் கிடக்கும். ஒழுங்கில்லாத பட்டியலுக்கு மேக்ரோவைவிட ‘:%நார்மல்’ நல்லது. அதன்பின் ஓர் இடைவெளி விட்டு ‘0’, ‘2 எஃப் ,’, ‘டி டீ ,’ விசைகளை ஒட்டித் தட்டுங்கள், ‘ஜே’ வேண்டாம். ஒவ்வொரு வரியும் தனித்தனியாக நடக்கும், தோற்ற வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். இரண்டு முறைக்குமே ஒரு பொறி: முகவரி போல மேற்கோளுக்குள் கமா இருக்கும் வரியில் எண்ணிக்கை தப்பி, தப்பான நெடுவரிசை அழியும். விம்முக்கு நெடுவரிசை தெரியாது, கமாதான் தெரியும். அப்படிப்பட்ட ஃபைலை விரிதாளில் திறந்து சரிசெய்வதே புத்திசாலித்தனம்.

பதிந்த மேக்ரோவில் ஒரு விசை தப்பினால் முதலிலிருந்து பதிய வேண்டியதில்லை. மேக்ரோ என்பது ரெஜிஸ்டரில் (காப்பி செய்ததும் அழித்ததும் போய்ச் சேரும் பெயரிட்ட சேமிப்பிடம்) கிடக்கும் வெறும் எழுத்துகள்தான். ‘ஏ’ ரெஜிஸ்டரை ஒரு வெற்று வரியில் பேஸ்ட் செய்து, திருத்தி, வரியின் தொடக்கத்திலிருந்து ‘$’ வரை மட்டும் அதே ரெஜிஸ்டருக்கு காப்பி செய்யுங்கள். முழு வரியாகக் காப்பி செய்தால் வரிமுடிவும் ஒட்டிக்கொள்ளும், அது என்டர் விசையாக வேலை செய்து கர்சரை ஒரு வரி கீழே தள்ளும். வரி விட்டு வரி வேலை நடக்கிறதே என்று குழம்புவதற்கு இதுவே காரணம்.

ஒரு சொல் வரும் வரிகளை எல்லாம் அழிக்க ‘:ஜி/சொல்/டி’, அது வராத வரிகளை அழிக்க ‘:வி/சொல்/டி’. லாக் ஃபைல்களைச் சலிக்க இதைவிட வேகமான வழி எடிட்டருக்குள் கிடையாது. அழிக்குமுன் சாய்கோட்டில் ஒருமுறை தேடிப் பாருங்கள், எவையெல்லாம் மாட்டுகின்றன என்று கண்ணால் தெரியும். பிறகு ‘:%எஸ்///ஜிஎன்’ அடித்தால் எதையும் மாற்றாமல் எத்தனை இடம், எத்தனை வரி என்று எண்ணிச் சொல்லும். எண்ணிக்கை சரியென்று பட்டால் ‘:ஜி//டி’. கோடுகளுக்கு நடுவே காலியாக விட்டால் கடைசித் தேடலையே எடுத்துக்கொள்ளும். அந்தக் கடைசித் தேடல் எது என்பதை மறந்துவிட்டு இதை அடிப்பது அபாயம், ஆனாலும் ஒரே ஒரு அண்டூவில் எல்லா வரியும் திரும்பி வந்துவிடும். பெரிய ஃபைல் என்றால் கடைசியில் ஓர் இடைவெளியும் அடிக்கோடும் சேர்த்து ‘:ஜி/சொல்/டி _’ என்று அடியுங்கள். இல்லாவிட்டால் அழிக்கும் ஒவ்வொரு வரியையும் ரெஜிஸ்டருக்குள் போட்டுக்கொண்டே போவதால் நேரமாகும்.

அந்த ரெஜிஸ்டர்தான் விம்மின் பலவீனம். இங்கே எதை அழித்தாலும் அது வெட்டி எடுத்ததாகவே கணக்கு. ஒரு சொல்லைக் காப்பி செய்துகொண்டு, மாற்ற வேண்டிய சொல்லை ‘டி ஐ டபிள்யூ’ அடித்து அழித்து, ‘பி’ அழுத்தினால் இப்போது அழித்த சொல்லே திரும்பி வந்து நிற்கும். விம்முக்கு வந்த எல்லோரும் இதில் ஒருமுறையாவது விழுந்திருப்பார்கள். காப்பி செய்தது தொலைந்துவிடவில்லை. 0 என்ற ரெஜிஸ்டரில் பத்திரமாக இருக்கிறது. இரட்டை மேற்கோள்குறி, ‘0’, ‘பி’ என்று அடுத்தடுத்து அழுத்தினால் வரும். அழிப்பதை எங்குமே சேமிக்க வேண்டாம் என்றால் இரட்டை மேற்கோள்குறி, அடிக்கோடு இரண்டையும் முன்னால் அழுத்திவிட்டு அழியுங்கள். அது கருந்துளை, போனது போனதுதான். 9.0 முதல், தேர்ந்தெடுத்ததன் மேல் ‘பெரிய பி’ அழுத்தினால் பேஸ்ட் ஆகும், காப்பி செய்ததும் கலையாது.

இவை எல்லாவற்றையும்விடப் புள்ளியோடு ஒத்துப்போகும் வழி ஒன்று உண்டு: ‘சி ஐ டபிள்யூ’, பிறகு கன்ட்ரோல்-ஆர், ‘0’, எஸ்கேப். காப்பி செய்த சொல் தட்டிய எழுத்தாகவே உள்ளே போவதால் அடுத்த சொல்லின் நீளம் எதுவாக இருந்தாலும் ஒரு புள்ளி போதும். ‘பெரிய பி’ வழியில் புள்ளி வைத்தால் மேலே சொன்ன எழுத்து எண்ணிக்கைக் கோளாறு இங்கேயும் தலைகாட்டும்.

முழு வரிகளாக அழித்தவை 1 முதல் 9 வரையிலான ரெஜிஸ்டர்களில் வரிசையாகத் தள்ளப்படுகின்றன. அரை மணி நேரத்துக்கு முன் அழித்த பத்தி எந்த எண்ணில் என்று தெரியாவிட்டால் இரட்டை மேற்கோள்குறி, ‘1’, ‘பி’ அடித்துப் பாருங்கள். அது இல்லையென்றால் அண்டூ விசையான ‘யு’ அடித்து நீக்கி, புள்ளி. இந்த ஓர் இடத்தில் மட்டும் புள்ளி எண்ணை ஒன்று கூட்டிக்கொண்டு 2-ஐ எடுத்து வரும், அடுத்து 3. இவ்வளவு யோசித்துச் செய்தவர்கள் வரிக்குள் அழிக்கும் துண்டுகளைப் பெரும்பாலும் கழித்தல் குறி என்ற ஒரே ரெஜிஸ்டரில் போட்டு ஒவ்வொரு முறையும் மேலெழுதிவிட்டார்கள். நேற்று அழித்த அரை வரியைத் தேட அண்டூவைத்தான் நம்ப வேண்டும். ‘அண்டூஃபைல்’ அமைப்பை இயக்கி வையுங்கள். ஃபைலை மூடித் திறந்த பிறகும் பழைய மாற்றங்களைப் பின்னோக்கி எடுக்கலாம்.

கணினியின் கிளிப்போர்டையே விம் பயன்படுத்தும்படி அமைத்துக்கொள்பவர்களுக்குத் தொல்லை இன்னும் ஒரு படி கூடுதல். பிரவுசரில் ஒரு முகவரியைக் காப்பி செய்துவிட்டு விம்முக்கு வந்து, வழியில் கிடந்த ஒரு கமாவை ‘எக்ஸ்’ அடித்து நீக்கினால் கிளிப்போர்டில் மிஞ்சுவது அந்தக் கமா. ‘எக்ஸ்’ விசையைக் கருந்துளைக்குத் திருப்பிவிடலாம். பக்கத்து எழுத்துகள் இரண்டை இடம் மாற்றும் ‘எக்ஸ் பி’ என்ற நல்ல பழக்கம் அதோடு போய்விடும். எது அதிகம் பயன்படுகிறதோ அதைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாகச் சில குறிப்புகள். இயக்க முறைமையின் தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் எஸ்கேப் அடித்த பிறகும் ‘டி’ அழுத்துவது தமிழ் எழுத்தாகவே விம்முக்குப் போகும், எந்தக் கட்டளையும் ஓடாது. விம்மின் சொந்த ‘கீமேப்’ அமைப்பில் தமிழ் விசைகளை வைத்துக்கொண்டால் இன்சர்ட் நிலையில் மட்டும் தமிழ் வரும், கட்டளைகள் தடையின்றி ஓடும். ‘எஃப்’ அழுத்தியபின் தேடும் எழுத்தையும் தமிழில் கொடுக்கலாம். பல டெர்மினல்களில் தமிழ் எழுத்தின் அகலமும் கர்சரின் இடமும் பொருந்துவதில்லை. ‘டி ஐ டபிள்யூ’ போலச் சொல் முழுவதையும் பிடிக்கும் கட்டளைகள் அங்கே எழுத்து எண்ணி அழிப்பதைவிட நம்பகமானவை.

‘எக்ஸ்’ ஓர் அழுத்தில் மெய்யையும் அதன் உயிர்க்குறியையும் சேர்த்தே அழிக்கும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டும் கண்ணுக்கு ஒற்றை எழுத்தாகத் தெரிந்தாலும் இரண்டு அழுத்து வேண்டும். ‘கு’ என்று தட்டிவிட்டு ‘கூ’ ஆக்கப் பின்னழி விசையை அழுத்தினால் ‘க’வும் சேர்ந்து போய்விடும். குறியை மட்டும் அழிக்க ‘டெல்கம்பைன்’ அமைப்பை இயக்குங்கள். இயக்கியபின் ஒரு வித்தியாசம் வரும்: ‘கொடி’ என்ற சொல்லின் தொடக்கத்தில் நின்று ‘எக்ஸ் எக்ஸ்’ அடித்தால் முதலில் குறியும் அடுத்து ‘க’வும் போய் ‘டி’ மிஞ்சும். ‘2 எக்ஸ்’ அடித்தால் சொல் முழுவதும் போகும். ‘எக்ஸ்’ அடித்துவிட்டுப் புள்ளி வைப்பது முதல் வகையில் சேரும்.